மூன்று வீடு, ஒரே பொய்

அத்தியாயம் எட்டு

அன்று காலை தக்காளிச் சட்னி அரைத்தது பூபதி. நான் இட்லியைத் தொட்டு ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"உப்புப் போடலீங்க."

"அதுக்குள்ள துப்பு கெடச்சிருச்சா?" என்றார். "இதுக்குத்தான் துப்பறியற பொம்பளையக் கட்டப்படாதுங்கறது. வேற ஒருத்தியா இருந்தா தன் நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு இருந்திருப்பா."

உப்பு டப்பாவை என் பக்கம் தள்ளினார். தள்ளிய கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இருமினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருமும்போது யாரும் தன்னைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. பின்பக்கக் கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் கையால் நான் சாப்பிட்ட கடைசிச் சட்னி அது. அன்றைக்கு அது உப்பில்லாத சட்னி, அவ்வளவுதான்.

என் தொழில் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிக்கிறாரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா, பெண்ணுக்கு வேறெங்காவது மனம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வேன். மல்லூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். பூபதி பதினாலு வருஷம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். கல் தூசி நெஞ்சில் படிந்து வேலையை விட்டு வந்தபிறகு எனக்கு உதவியாளர் ஆனார். சம்பளம் கிடையாது, வாய் உண்டு. "என் நெஞ்சுக்குள்ள ஆறு மாநிலத்து மண்ணு இருக்குதுங்க. ஆதார் கார்டுல ஒரே ஒரு ஊருதான் போட்டுக் குடுத்திருக்காங்க" என்று விசாரிக்கப் போகிற வீட்டில் சொல்வார். சிரித்துவிட்டவர்கள் அப்புறம் பொய் சொல்வதில்லை. எங்கள் தொழில் நடந்தது அப்படித்தான்.

இந்த முறை கட்சிக்காரர்கள் நாங்களேதான்.

வீட்டுக்காரர் சரவணமுத்து கெட்ட மனுஷர் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து இருமலை ஒரு வருஷம் கேட்டார். பிறகு, "ஆனி முடியறதுக்குள்ள வேற ஊடு பாத்துக்குங்க சாமி" என்றார். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. சில நட்சத்திரத்தில் உயிர் போனால் அந்த வீட்டை மூன்று மாதம், ஆறு மாதம் என்று அடைத்துவைக்க வேண்டும். அடைப்பு என்பார்கள். சாவது குடியிருப்பவராக இருந்தாலும் அடைபடுவது வீட்டுக்காரர் வீடு. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் குடி மாறமாட்டார்கள், குடி வைக்கவும் மாட்டார்கள். ஆனி முடிய எட்டு நாள் இருந்தது.

நாலாயிரத்துக்குள் ஒரு வீடு. படி ஏறாத வீடு. இந்த இரண்டே இரண்டு நிபந்தனையோடு ஒரு மாதம் சுற்றினோம். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் கக்கூஸ் எங்கே என்றதற்கு ஏரியைக் காட்டினார்கள். நாமக்கல்லில் கோழித் தீவனம் அடுக்கிவைத்திருந்த கொட்டகைக்கு வெள்ளை அடித்துச் சிங்கிள் பெட்ரூம் என்றார்கள். உள்ளே போன பூபதி மூச்சுவிட முடியாமல் வெளியே வந்து, "முட்டை போடறதுன்னா இங்க இருக்கலாம்" என்றார். நல்லதாக இருந்த வீடுகளில் முதல் கேள்வி நீங்க என்ன ஆளுங்க என்பது. இரண்டாவது, சாருக்கு ஏன் இருமல். எனக்குப் பதில் தயாராக இருந்தது. வீசிங்குங்க, பனி ஒத்துக்காது என்பேன். டாக்டர் என்னிடம் சொன்ன கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படியும் மூன்று வீடு அமைந்தது. மூன்றும் கைநழுவிப் போனது. அதுதான் கேஸ்.

சட்னியில் உப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னேன். "மொதல்ல நாமக்கல் கந்தவேல். சாயங்காலம் சரின்னார். மறுநா காலையில போன் பண்ணி, ஓசூர்ல இருந்து தங்கச்சி மகன் மாத்தலாகி வாரான், ஊடு அவனுக்குன்னார்."

"நல்ல தாய்மாமன்."

"ரெண்டாவது ஆண்டகளூர் கேட்டுல ஸ்ரீதேவி டீச்சர். அவங்களுக்கும் மறுநா ஓசூர்ல இருந்து தங்கச்சி மகன்."

"ஓசூர்ல என்னமோ நடக்குது. நியூஸ்ல சொல்லவே இல்ல பாரு."

"நேத்து ராசிபுரம் ராஜம்மா. பக்கத்து மளிகைக்கடைப் பையனை மேல கூப்புட்டு அவன் போனுல பேசுச்சு. தங்கச்சி மகன், ஓசூரு, மாத்தல்."

பூபதி தண்ணீர் குடித்தார்.

"பொய்யிங்கறது சட்டையாட்டங்க. ஆளுக்கு ஆளு அளவு மாறும். ஒருத்தர் மகன் வாரான்னுவாங்க, ஒருத்தர் ஊட்டை இடிக்கப்போறம்னுவாங்க. மூணு பேரு ஒரே சட்டையில வந்தா டெய்லரு ஒருத்தன்னு அர்த்தம். யாரோ ஒருத்தர் நமக்கு முன்னாடியே போயி உங்க சீக்கைச் சொல்லி, எப்புடி மறுக்கோணும்னும் சொல்லிக்குடுத்திருக்காங்க."

"புரோக்கர் பிரபாகர்" என்றார் உடனே. "அவனை வுட்டுப்போட்டு நாமளா ஊடு தேடுனதுல அவனுக்குக் கடுப்பு. கேஸ் முடிஞ்சுது. இட்லியத் தின்னு."

"இருக்கலாம். ஆனா இதுவரைக்கும் ஆளு தடயமே வுடல. ஏன்னா மொத ரெண்டு போர்டுலயும் போன் நம்பர் இருந்துச்சு. பேசுனான், வேலை முடிஞ்சுது. மூணாவது போர்டு ஞாபகம் இருக்குதுங்களா? 'வீடு வாடகைக்கு. மேல் மாடியில் விசாரிக்கவும்.' நம்பரே இல்ல. அந்தம்மாகிட்டப் போனே இல்ல. அப்ப?"

"அப்ப?"

"அங்க மட்டும் அவன் நேர்ல போயிருக்கோணும். நேர்ல போனவனுக்கு ஒரு மூஞ்சி இருக்கும். இப்பவே ராசிபுரம் போறேன்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். துப்பு நன்றாக அமையும்போது அவர் பார்க்கிற பார்வைதான். கொஞ்சம் பெருமை, கொஞ்சம் கேலி.

"வுட்டுரு அம்மிணி. போன ஊடு போச்சு."

"நீங்க வரவேண்டாம். படுத்திருங்க."

"உதவியாளர் இல்லாமப் போனா உன்னை யாரும் மதிக்கமாட்டாங்க" என்று எழுந்து லுங்கிக்கு மேல் ஒரு பனியனை மாட்டிக்கொண்டார்.

ஸ்கூட்டியை நான்தான் ஓட்டினேன். எதிர்க்காற்று அவருக்கு ஆகாது என்று என் முதுகோடு ஒட்டிப் பின்னால் உட்கார்வார். ஆனால் பிடித்துக்கொள்ளமாட்டார். ரிக் வண்டி மேல் நின்றுகொண்டே தூங்கினவன் நான் என்பார். நாமக்கல் ரோட்டில் லாரிகளுக்கு ஓரமாக மெதுவாகப் போனோம். ஒரு ரிக் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த வடநாட்டுப் பையன்கள் வாயில் துணிகூடக் கட்டவில்லை.

"எந்த ஊருக்குப் போறாங்களோ" என்றேன்.

"ஓசூருக்குத்தான். வேற எங்க?" காற்றில் அவர் குரல் உடைந்து வந்தது. "எனக்கு ராசியான ஊரு. எத்தனை வாட்டி வண்டி நின்னிருக்குது அங்க."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். வேறு ஒருவர் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தியிருப்பேன்.

ராஜம்மாள் வீடு ராசிபுரத்தில் பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் வாடகை குறைவு. கீழே காலியாக இருந்த இரண்டு அறை, சின்னச் சமையல்கட்டு, தண்ணீர்த் தொட்டி. மேலே ராஜம்மாள் தனியாக இருந்தார். வெளிப்பக்கமாகப் படி. ஒன்பது படி ஏறினால் ஒரு திருப்பம், அப்புறம் இன்னும் ஒன்பது. நான்கு நாளைக்கு முன்னால் வந்தபோது பூபதி கீழேயே வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். நான் ஏறிப்போய்ப் பேசினேன். முழங்கால் வலியால் அந்தம்மா கீழே இறங்குவதே இல்லையாம். சாவியைக் கொடுத்து, நீயே திறந்து பார்த்துக்கோ சாமி என்றார். வியாழக்கிழமை நல்ல நாள், பால் காய்ச்சிக்குங்க என்றும் சொன்னார்.

வண்டியை நிறுத்தினேன். போர்டு இன்னும் ஆணியில் தொங்கியது. தங்கச்சி மகன் வருகிற வீட்டுக்கு எதற்கு போர்டு?

"போயிட்டு வா" என்றார் பூபதி. "புரோக்கர்னு சொன்னா எனக்கு டீ. வேற ஆளுன்னா உனக்கு டீ."

ஒன்பது படி ஏறினேன். திருப்பத்தில் நின்றுவிட்டேன்.

அங்கே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. முதுகு சுவரில் சாய்ந்து, முகம் மேல்படியைப் பார்த்து. பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு சொம்பு கவிழ்த்துவைத்திருந்தது. நான்கு நாளைக்கு முன்னால் இது இங்கே இல்லை.

நான் செய்கிற வேலையில் பெரிய கருவிகள் எதுவும் கிடையாது. ஒரு பொருள் ஏன் அது இருக்கிற இடத்தில் இருக்கிறது என்று கேட்பேன், அவ்வளவுதான். வாசலில் நாற்காலி போடுவார்கள். மாடியில் போடுவார்கள். படியின் நடுவில் யார் போடுவார்கள்? யாருக்காகப் போடுவார்கள்? மேலே போய்ச் சொல்ல வேண்டிய விஷயம் இருந்து, மேலே போக முடியாதவருக்காக. ஒன்பது படியில் மூச்சு முடிந்துபோனவருக்காக.

புரோக்கர் பிரபாகர் கபடி ஆடுகிற ஆள்.

அதற்கப்புறம் மற்றதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. இந்த வீட்டைப் பிரபாகருக்குத் தெரியவே தெரியாது. நானாகப் பஸ்ஸில் போகும்போது பார்த்த போர்டு. மூன்று வீட்டையும் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் காலையில் என்னையே கேட்டிருந்தால் மல்லூரிலேயே கேஸ் முடிந்திருக்கும். கேட்கவில்லை. முந்தாநாள் நான் ஒரு வரன் விசாரிக்கக் குமாரபாளையம் போயிருந்தேன். வீட்டை விட்டு நகராமல் லுங்கியோடு படுத்திருந்த மனுஷனின் வெள்ளைச் சட்டையை எதற்காகத் துவைக்க வேண்டும்? அப்புறம் ஓசூர். கல்யாணமான புதிதில் சொன்ன நாளுக்கு வராதபோதெல்லாம் அவர் வண்டி நின்றுபோன ஊர். ஒரு தடவைகூட அங்கே அவர் வண்டி நிற்கவில்லை என்பது இரண்டாம் வருஷமே எனக்குத் தெரியும். நான் சொன்னதில்லை. டெய்லருக்குத் தைக்கத் தெரிந்தது அந்த ஒரு சட்டைதான்.

மேலே கதவு திறந்தது. ராஜம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டியா சாமி. நீ வருவேன்னு அவரு சொன்னாரு. சொல்லப்படாதுன்னும் சொன்னாரு."

நான் மீதி ஒன்பது படியை ஏறினேன்.

"என்னுங்கம்மா சொன்னார்?"

"மொத ஏழாவது படியிலயே உக்காந்துட்டாரு. நான் பயந்துபோயி இந்தக் காலை வெச்சுக்கிட்டு நாற்காலியோட எறங்குனேன். தண்ணி குடிச்சுப்போட்டுச் சொன்னாரு. அம்மா, எனக்கு ஒரு மாசமோ ரெண்டு மாசமோதான். எம்பொண்டாட்டி வீசிங்குன்னு சொல்லியிருப்பா. உசுரு உங்க ஊட்டுல போகும். நாளு எப்புடி வுழுகும்னு யாருக்கும் தெரியாது. வேற ஆளுக்கு வுடுங்க, இன்னது காரணம்னு சொல்லுங்கன்னாரு."

டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்ன அதே கணக்கு. அவரிடமும் தனியாகச் சொல்லியிருக்கிறார் போல.

"நீங்க சரின்னுட்டீங்க."

"இல்ல" என்றார் ராஜம்மாள். கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "நான் தாரேன்னுதான் சொன்னேன். எம்பட ஊட்டுக்காரரும் இந்தக் கீழ் ரூமுலதான் போனாரு. சாவாத ஊடு எங்க இருக்குது, வாங்க பாத்துக்கலாம்னேன். அதுக்கு அவரு கேட்டாரு, இந்த வாடகைய வுட்டா வேற என்னம்மா வருமானம்னு. ஒண்ணுமில்லீங்கன்னு வாய்தவறிச் சொல்லிப்போட்டேன். அதோட எந்திரிச்சுட்டாரு."

கீழே ஒரு பஸ் போனது.

"அவிங்கம்மா சங்ககிரியில வாடகை ஊட்டுல செத்துச்சாமே" என்றார் ராஜம்மாள். "அவிட்டமாம். ஆறு மாசம் அடைச்சாங்களாம். அந்த ஊட்டுக்காரப் பொம்பளைக்கு அந்த வாடகைதான் சோறு. கடைசியில பாத்திரம் பண்டத்தைத் தூக்கிட்டுத் தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டுதாம். ஒரு வார்த்தை ஏசலையாம். ஏசியிருந்தா மறந்திருப்பேன்னு சொன்னாரு."

எத்தனையோ மாப்பிள்ளைகளை மூன்று தலைமுறைக்கு விசாரித்தவள் நான். மாமியார் சங்ககிரியில் இறந்தார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எந்த வீட்டில், எந்த நட்சத்திரத்தில் என்று நான் கேட்டதில்லை.

ராஜம்மாள் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து என் எதிரே நீட்டினார்.

"இந்தா. உனக்கு வேணும்னா எடுத்துக்கோ. நான் சொன்ன சொல்லு மாறல."

அந்தச் சாவியில் ஒரு பழைய பச்சைக் கயிறு கட்டியிருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். கீழ்வீட்டுத் தரை எனக்கு ஞாபகம் இருந்தது. சிவப்புச் சிமெண்டு, குளிர்ச்சி. ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டால் அவருக்குக் காற்று வரும் என்று நான்கு நாளைக்கு முன்னால் கணக்குப் போட்டிருந்தேன். ஆனி முடிய எட்டு நாள். எடுத்தால், அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் தினமும் தலைக்கு மேல் ராஜம்மாள் நடக்கிற சத்தத்தைக் கேட்பார். பஞ்சாங்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். நல்ல நட்சத்திரத்துக்குள் முடித்துக்கொள்ளப் பார்ப்பார்.

"இருக்கட்டுங்கம்மா" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டனுங்க."

இறங்கும்போது திருப்பத்தில் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் ஏறிச் சூடாக இருந்தது.

பூபதி வண்டி மேல் உட்கார்ந்து அதன் பக்கக் கண்ணாடியைத் திருப்பிப் படியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வருவதைப் பார்த்ததும் கண்ணாடியைப் பழையபடி வைத்தார்.

"யாருக்கு டீ?"

"உங்களுக்குத்தானுங்க. புரோக்கர்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆள் பொய் சொல்லும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

"பாவம் அந்தப் பிரபாகர்" என்றார் கடைசியில். "ஏதோ தெரியாத்தனமாப் பண்ணிட்டான். திட்டாத."

"திட்டலீங்க."

"கேஸ் மூடியாச்சா?"

"மூடியாச்சுங்க."

பின்னால் ஏறி உட்கார்ந்தார். ரோட்டுக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். மல்லூர் வரும்வரை எடுக்கவில்லை. டீக்கு நிறுத்தவும் மறந்துபோனோம்.

மிச்சம் இருந்த நாட்களில் நான் இன்னும் நான்கு வீடு பார்த்தேன். பார்ப்பது போலப் பார்த்தேன். ஆனி கடைசி நாள் காலையில் பூபதி, "சேலம் பெரியாஸ்பத்திரியில படுக்கை வாடகை இல்லையாமா, நாலாயிரத்துக்குள்ள அதுதான் நல்ல ஊடு" என்றார். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கொடியிலிருந்து எடுத்து மடித்துவைத்த அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆடி இரண்டாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அந்தப் படுக்கையில் முடிந்துபோனார். எந்த வாசலுக்கும் கொண்டுபோகவில்லை. அங்கிருந்தே நேராக மின்மயானம்.

அங்கே சடங்கு செய்தவரிடம் அன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"அஸ்தம், அம்மா. இதுக்கு அடைப்பு கெடையாது. எந்த ஊட்டுல போயிருந்தாலும் ஒரு தோசமும் இல்ல."

ரசீதில் முகவரி எழுத வேண்டும் என்றார்கள். சரவணமுத்து வீட்டு முகவரியைத்தான் எழுதினேன். ஆவணியில் அதையும் காலி செய்துவிட்டேன். இப்போது சேலத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கிறேன். விசாரணைக்கு ராசிபுரம் போகிற நாட்களில் பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னல் ஓரமாக உட்கார்வேன். கீழ்வீட்டில் யாரோ குடி வந்துவிட்டார்கள். வாசலில் செருப்புகள் இருக்கின்றன, கொடியில் சின்னப் பிள்ளை துணி காய்கிறது. போர்டு இல்லை.

சிவப்பு நாற்காலி அதே படித் திருப்பத்தில்தான் இருக்கிறது.